என்டர் தட்டிய பிறகு பாருங்கள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்த உங்களுக்கு விழுப்புரத்தில் நடக்கிற வகுப்பில் வந்து பத்து நிமிஷம் பேசச் சொன்னார் மேனேஜர் சார். பத்து நிமிஷம் என்ன, நாலு பேர் சேர்ந்தாற்போல் என்னைப் பார்த்தாலே எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனால் எழுதித் தந்திருக்கிறேன். ஜெனிஃபர் படிப்பாள். இதில் அவளும் வருகிறாள். எதையும் விழுங்காமல் படி ஜெனி.

என் பேர் கன்னியம்மா. அஞ்சாவதோடு படிப்பு நின்றது. திண்டிவனம் விதைக் கிடங்கில் முதலில் சாக்கு தைத்தேன். பிறகு எண் வாசித்தேன். போன பங்குனியில் வேலையை விட்டு நின்றேன். எண் வாசிப்பது ஒரு வேலையா என்று சிரிக்காதீர்கள். நாளைக்கு உங்களில் பாதிப் பேர் அதைத்தான் செய்யப் போகிறீர்கள், மீதிப் பேர் அதைக் கேட்டு டைப் அடிக்கப் போகிறீர்கள்.

நம்முடைய ஒவ்வொரு விதை மூட்டையிலும் ஒரு அட்டை தொங்கும். அதன் ரெண்டு பாதியிலும் பதினேழு இலக்கத்தில் ஒரே எண். மூட்டையை விவசாயி வாங்கும்போது அட்டையில் பாதி மூட்டையோடு போகும். மீதிப் பாதியைக் கிழித்து, அதில் அவர் பேரையும் போன் நம்பரையும் எழுதி, சீட்டு என்று நம்மிடம் வைத்துக்கொள்வோம். அதைத்தான் நான் வாசிப்பேன், ஜெனிஃபர் எக்செல்லில் ஏற்றுவாள். எந்த மூட்டை எந்த ஊருக்குப் போனது என்று பிறகு தெரிய வேண்டும், அதற்காக.

எனக்கு முன்னால் வாசித்த அம்மா ஒரே மூச்சில் பதினேழையும் கொட்டிவிடுவார்களாம். ஜெனிஃபருக்கு அழுகை வந்துவிடுமாம். நான் மூன்று மூன்றாகப் பிரித்தேன். 330, 718, 204, 005, 001. இது உடம்பு. கடைசியில் ரெண்டு எழுத்து மிஞ்சும், 47 என்று. அதற்கு வால் என்று பேர் வைத்தேன். "வால் நாப்பத்தேழு" என்று சொன்னால் அந்த மூட்டை முடிந்தது என்று அவளுக்குத் தெரியும்.

எங்களிடம் ஒரு கட்டுப்பாடும் இருந்தது. அவள் டைப் அடித்ததைத் திரையைப் பார்த்துத் திருப்பி வாசிப்பாள். நான் சீட்டைப் பார்த்து "சரி" என்பேன். அவள் என்டர் தட்டுவாள். நான் சீட்டை நாலாகக் கிழித்துக் கூடையில் போடுவேன். ஒருமுறை ஒரே சீட்டை ரெண்டு தடவை ஏற்றி, வாங்காத மூட்டையை வாங்கியதாக ஒரு பெரியவர் பேரில் எழுதி, அவர் வந்து சண்டை போட்ட பிறகு வந்த வழக்கம் அது. ரெண்டு பேரும் சரிபார்க்கிறோம், சீட்டும் ஒழிகிறது. இதைவிட ஒழுங்கு வேறென்ன வேண்டும் என்று எங்களுக்குப் பெருமை.

அந்தப் பெருமையில் ஒரு ஓட்டை இருந்தது. அதை முதலில் பார்த்தது நான்தான். பார்த்துவிட்டுச் சும்மா இருந்ததும் நான்தான்.

என்டர் தட்டியவுடன் அந்த நீள எண் சுருங்கி 3.30718E+16 என்று நிற்கும். இதென்ன ஜெனி, நடுவில் இங்கிலீஷ் எழுத்து என்று ஆரம்பத்திலேயே கேட்டேன்.

"கட்டம் சின்னதும்மா. அதான் சுருக்கிக் காட்டுது. உள்ள முழுசா இருக்கும்" என்றாள்.

சரி என்று விட்டேன். ஒருநாள் அவள் திரையில் நகர்த்துகிற அம்புக்குறி மேலே ஏறி, பழைய கட்டம் ஒன்றின்மேல் நின்றது. திரையின் தலைப்பக்கம் இருக்கிற நீளப் பட்டையில் அந்த எண் முழுசாக விரிந்தது. உடம்பு சரியாக இருந்தது. வால் 00. பூஜ்யம் பூஜ்யம் என்று நான் எதையும் வாசித்த ஞாபகம் இல்லை. அடுத்த கட்டம் போனாள். அதற்கும் 00. அதற்கடுத்ததற்கும்.

வாய் வரைக்கும் வந்தது. அஞ்சாவது படித்தவள் கம்ப்யூட்டருக்கு வால் தப்பு என்று காட்டுவதா, ஏதாவது கணக்கு இருக்கும் என்று விழுங்கிவிட்டேன். கையில் இருந்த சீட்டையும் கிழித்துப் போட்டேன்.

இது நடந்தது ரெண்டு வருஷத்துக்கு முன்னால், ஆடி மாசம். நூறு மூட்டை விதை மல்லாட்டை வந்திருந்தது, வெளியூர்க்காரர்கள் வேர்க்கடலை என்பார்களே அது. எண்ணின் வால் 00-இல் தொடங்கி 99 வரைக்கும். நாற்பத்தாறு பேர் வாங்கிப் போனார்கள். எல்லாரும் மழைக்குக் காத்திருந்தார்கள். மழையும் வந்தது. ராத்திரி நல்ல மழை, மறுநாளும் தூறல். அதற்கு மறுநாள் காலையில் நான் கிடங்கைப் பெருக்கிவிட்டு நிமிர்கிறேன், மேனேஜர் சார் போனைக் காதில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்கிறார். முகம் சரியில்லை.

அந்த நூறில் பன்னிரண்டு மூட்டை லாரியில் தார்ப்பாய் கிழிந்த மூலையில் நனைந்திருக்கிறது. நமக்குத் தெரியாமல் காயவைத்து அனுப்பிவிட்டார்கள். அதே மூலையில் இருந்து எடுத்து வைத்த மாதிரி விதையை முளைக்கப் போட்டுப் பார்த்ததில் பாதிகூட முளைக்கவில்லை. வால் 41-இல் இருந்து 52 வரைக்கும். யார் யாரிடம் இருக்கிறது என்று பார்த்து இன்றைக்கே நிறுத்துங்கள் என்று தலைமை ஆபீஸில் இருந்து சொன்னார்கள்.

"ஜெனிஃபர், ஜல்தி. நாப்பத்தொண்ணு யாரு பாரு" என்றார் சார்.

அவள் தேடினாள். ஒன்றும் வரவில்லை. நாற்பத்திரண்டு. வரவில்லை. கட்டத்தை இழுத்து அகலமாக்கினாள், எண்ணைப் பெரிதாக விரித்தாள். நூறு வரிசையிலும் ஒரே எண். நூறுக்கும் வால் 00. அதை எழுத்தாக மாற்றிப் பார்த்தாள். மாறியது, ஆனால் பூஜ்யம் பூஜ்யமாகவே மாறியது.

"சீட்டு எங்கம்மா?" என்று என்னைப் பார்த்தாள்.

நான் கூடையைப் பார்த்தேன். அது காலி. அதைக் கொண்டுபோய்க் கொட்டியதும் என் கைதான்.

சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "எல்லாருக்கும் போன் போடு. நாப்பத்தாறு பேரையும் நாளைக்கு விதைக்காதீங்கன்னு சொல்லிடலாம். வேற வழியில்ல."

ஜெனிஃபர் சொன்னாள், "சார், எங்கப்பா மானாவாரிதான் போடறாரு. நாலு நாள் வெயில் அடிச்சா மண்ணு பதம் போயிடும். அடுத்த மழை எப்பன்னு நீங்க சொல்வீங்களா? பன்னெண்டு மூட்டைக்காக நூறு மூட்டையை நிறுத்தறதா?"

"சொல்லாம விட்டா பன்னெண்டு மூட்டைக்காரன் வந்து என் சட்டையைப் பிடிப்பான். அவனுக்கு நீ பதில் சொல்வியா?"

ரெண்டும் சரி. ரெண்டு பேரும் என்னைப் பார்க்கவில்லை. யாரும் பார்க்காதபோது எனக்குக் கொஞ்சம் தைரியம் வரும்.

"மூட்டையில பாதி அட்டை இருக்குதுங்களே சார். அவங்களையே படிக்கச் சொல்லலாமே. வாலை மட்டும்" என்றேன்.

சார் திரும்பி என்னைப் பார்த்தார். அவ்வளவுதான், நான் குனிந்து விளக்குமாற்றைத் தேடினேன். ஆனால் ஜெனிஃபர் அதற்குள் பழைய உர விளம்பரத் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, பத்துக்குப் பத்து என்று நூறு கட்டம் கிழிக்க ஆரம்பித்திருந்தாள். ஒரு போன் சாருக்கு, ஒன்று எனக்கு. நான் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். "நான் கட்டத்தைப் பாக்கணும், நீங்கதாம்மா பேசணும்" என்று என் காதிலேயே வைத்துவிட்டாள்.

முதலில் எடுத்தவர் ஒலக்கூர்ப் பக்கத்துப் பெரியவர்.

"ஐயா, விதைக் கிடங்குலேர்ந்து பேசறேங்க. உங்க மூட்டையில இருக்கிற நம்பரைச் சொல்லணுங்க."

"நம்பரா? எந்த நம்பர் கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னு எம் பேத்தி சொல்லியிருக்குது. உன்ன மாதிரி எத்தினி பேரைப் பாத்துட்டேன். வைம்மா போன."

வைத்துவிட்டார். சார் பக்கமும் அதே கதை. ஒருவர் போலீஸுக்குச் சொல்லிவிடுவேன் என்றாராம். இந்த ரீதியில் போனால் ஆடி போய் ஆவணி வந்துவிடும். நான் ஒலக்கூருக்கே மறுபடியும் போட்டேன்.

"ஐயா, நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். அட்டையைக் கையில வெச்சிக்கினு நான் சொல்றது சரியான்னு மட்டும் பாருங்க. மூணு மூணு பூஜ்யம். ஏழு ஒண்ணு எட்டு. ரெண்டு பூஜ்யம் நாலு..." என்று உடம்பு முழுக்க ஒப்பித்தேன். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"அட, ஆமா. எல்லாம் அப்படியே இருக்குதே. உனக்கு எப்பிடித் தெரியும்?"

"நாந்தாங்க வாசிச்சேன். கடைசி ரெண்டு மட்டும் எனக்கு மறந்துபோச்சு."

"மறந்துட்டியா? பாவம். இரு... கண்ணாடி எடுத்தாறேன்... ஆறு... அப்புறம் இது இன்னா, அஞ்சா, எஸ்ஸா... அஞ்சுதான். அறுவத்தஞ்சு. இன்னொண்ணு அறுவத்தாறு."

அதன் பிறகு இதே வழிதான். நான் பதினைந்தை ஒப்பிப்பேன், அவர்கள் ரெண்டைச் சொல்வார்கள். சாரும் என் தாளத்திலேயே ஒப்பிக்க ஆரம்பித்தார், நடுவில் ஒரு பூஜ்யத்தை விட்டுவிட்டு. குப்பைமேட்டில் இருந்து அட்டையைப் பொறுக்கிப் படித்தவர்கள் உண்டு. மாமியாரும் மருமகளும் அது ஒன்றா ஏழா என்று போனிலேயே சண்டை போட்டதும் உண்டு. ஜெனிஃபர் ஒவ்வொரு கட்டமாக அடித்துக்கொண்டே வந்தாள். கெட்ட பன்னிரண்டில் பத்து கிடைத்துவிட்டது. அவர்களுக்கெல்லாம் விதைக்காதீர்கள், வேறு மூட்டை வருகிறது என்று சொல்லியாயிற்று. மத்தியானம் ரெண்டு மணிக்கு ஒரே ஒருத்தி பாக்கி. கிளியனூர்ப் பக்கம் செல்வி என்கிற பெண். ரெண்டு மூட்டை வாங்கியவள். போன் அணைத்துக் கிடந்தது.

ஆனால் தாளில் காலிக் கட்டம் நாலு. 19, 47, 48, 83. அறுபத்தைந்திலும் அறுபத்தாறிலும் ரெண்டு ரெண்டு கோடு.

"ரெண்டு பேரு ஒரே நம்பரைச் சொல்லியிருக்காங்கம்மா. ஒலக்கூர்க்காரரும் மேல்சித்தாமூர்க்காரரும். இதுல யாரு தப்பு?" என்றாள் ஜெனிஃபர்.

ரெண்டு பேரிடமும் பேசியது நான். யோசித்துப் பார்த்தேன். ஒலக்கூர்ப் பெரியவர் கண்ணாடி தேடி, அஞ்சா எஸ்ஸா என்று தட்டுத் தடுமாறிச் சொன்னார். மேல்சித்தாமூர்க்காரர் நான் கேட்டு வாய் மூடும் முன்பே "அறுவத்தஞ்சு, அறுவத்தாறு" என்று சொல்லிவிட்டார். பிள்ளைகளே, இத்தனை வருஷம் எண் வாசித்ததில் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை இதுதான். படிக்கிறவர்கள் தடுமாறுவார்கள். இட்டுக்கட்டுகிறவர்கள் தடுமாற மாட்டார்கள். மேல்சித்தாமூருக்குப் போட்டேன்.

"அண்ணே, அட்டையைப் பாத்துச் சொன்னீங்களா?"

"பாத்துதான்."

"இப்ப எங்க நிக்கறீங்க?"

அவருக்குப் பின்னால் டீ ஆற்றும் சத்தம் கேட்டது. "டீக்கடையில. சும்மா பேஜார் பண்ணாதம்மா. எல்லாம் நல்ல விதைதான்."

"உங்களுது முளைக்காதுன்னா என்னா பண்ணுவீங்க?"

அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக் கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது. "எண்பத்தி மூணு. இன்னொண்ணு... நாலு... ஏழு. நாப்பத்தேழுங்க." இந்தத் தடவை தடுமாறினார்.

தாளில் மிஞ்சியது 19, 48. நாற்பத்தெட்டு கெட்ட மூட்டை. போய்ப் பார்க்காமலே தெரிந்துவிட்டது, அது செல்வியிடம் இருக்கிறது. இவ்வளவு நாள் மற்றவர் நிலத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவள், விளைச்சலில் பங்கு தருவதாக முதல் முறையாக அரை ஏக்கர் வாரத்துக்கு எடுத்திருந்தாள். மூட்டை வாங்கும்போது நான் அட்டையில் அவள் பேரை எழுத, "பெருசா எழுதுக்கா" என்று பக்கத்தில் நின்று பார்த்தவள். விடிந்தால் விதைத்துவிடுவாள்.

ஜெனிஃபரின் ஸ்கூட்டியில் நான் பின்னால் உட்கார்ந்தேன். பாண்டி ரோட்டில் போகும்போது அவள் சொன்னாள், "யாராவது கேட்டா கம்ப்யூட்டர் கோளாறுன்னு சொல்லிடலாம்மா. பதினைஞ்சு எழுத்துக்கு மேல போனா அது தானா பூஜ்யம் போட்டுக்குதாம். சார் விசாரிச்சிட்டாரு. நம்ம என்ன பண்ண முடியும்?"

அவள் முதுகைப் பார்த்துப் பேசுவது எனக்குச் சுலபமாக இருந்தது. "நான் பாத்தேன் ஜெனி. அன்னிக்கே பாத்தேன். எல்லாத்துக்கும் பூஜ்யம் பூஜ்யம்னு இருந்துச்சி."

வண்டி ஓரமாக நின்றது. "பாத்தீங்களா? பாத்துட்டு ஏம்மா சொல்லல?"

"நீ படிச்சவ. உனக்குத் தெரியாதான்னு இருந்துட்டேன்."

"நான் உங்க 'சரி'யை நம்பிக்கினு இருக்கேன், நீங்க என் படிப்பை நம்பிக்கினு இருக்கீங்க. நல்லா நம்பினோம் ரெண்டு பேரும்!" கோபமாகச் சொல்ல ஆரம்பித்தவள் கடைசியில் சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, "நானும் என்டர் தட்டின பிறகு ஒருநாள்கூடத் திரும்பிப் பாக்கலம்மா" என்றாள்.

செல்வி வீட்டு வாசலில் அஞ்சாறு பெண்கள் உட்கார்ந்து விதைப்புக்கு மல்லாட்டை ஓட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். முக்கால்வாசி முடிந்திருந்தது. ரெண்டு மூட்டையும் கலந்து ஒரே குவியல். எது 19, எது 48 என்று கடவுள் வந்தாலும் பிரிக்க முடியாது.

"வாக்கா! இன்னா திடீர்னு? போன் சார்ஜே இல்ல" என்று செல்வி எழுந்தாள்.

"அட்டை எங்கம்மா?" என்றேன்.

அவள் திரும்பி முருங்கை மரத்தடியைக் காட்டினாள். அங்கே ஒரு ஆட்டுக்குட்டி. கழுத்துக் கயிற்றில் நம்முடைய அட்டை. "அழகா இருக்குதுன்னு எம் பொண்ணு கட்டிவிட்டுது." ஜெனிஃபர் ஓடினாள், ஆடும் ஓடியது. அவள் பிடித்துப் பார்த்து என்னை நோக்கித் தலையாட்டினாள். நாற்பத்தெட்டு.

நான் விஷயத்தைச் சொன்னேன். செல்வி குவியலில் இருந்து கொஞ்சம் விதையைக் கையில் அள்ளினாள். பார்வைக்கு எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

"நாளைக்கு ஆறு மணிக்கு ஆள் வருதுக்கா. ஏர் சொல்லியிருக்கேன். எல்லாரும் போட்டுடுவாங்க, எம் நெலம் மட்டும் சும்மா கெடக்கும். இவளுக்கு எதுக்கு வெவசாயம்னு கேப்பாங்க. எழுதறப்ப பாத்து எழுதக்கூடாதா?"

கம்ப்யூட்டர் கோளாறு என்ற சொல் நாக்கில் தயாராக நின்றது. நான் அதை வெளியே விடவில்லை. "பாத்தேன்மா. தப்பா இருக்கறதைப் பாத்தேன். வாயைத் திறக்கல. என் தப்புதான்" என்றேன். ஆறு பெண்கள் என்னையே பார்த்தார்கள். தொண்டை அடைத்தது. ஆனால் சொல்லி முடித்த பிறகுதான் அடைத்தது.

செல்வி கையிலிருந்த விதையைக் குவியலில் கொட்டினாள். மூத்தவள் ஒருத்திதான் கேட்டாள், "சரி, இப்ப இன்னா பண்ணப் போறீங்க?"

அதற்குள் ஜெனிஃபர் சாரிடம் பேசி முடித்திருந்தாள். விழுப்புரம் கிடங்கில் வேறு மூட்டை இருந்தது. வெளிச்சம் இருக்கும்போதே சார் லோடு ஆட்டோவில் ரெண்டு மூட்டையோடு வந்து இறங்கினார். ஆனால் அதையும் உடைக்க வேண்டுமே! நானும் ஜெனிஃபரும் உட்கார்ந்தோம். பக்கத்து வீடுகளில் இருந்து முறத்தோடு வந்தார்கள். சார் நின்றுகொண்டே இருந்தார். "சார், நிக்கறதுக்குப் பதிலா உடைங்க" என்றாள் செல்வி. அவரும் உட்கார்ந்தார். கால் மணி நேரத்தில் அவர் கட்டை விரல் சிவந்துவிட்டது. "ஆபீசர் கை, முட்டை ஓடுதான் உடைக்கும்" என்று மூத்தவள் சொல்ல, அப்போதுதான் செல்வி சிரித்தாள். ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்கு முடிந்துவிட்டது. காலையில் எல்லாரும் விதைத்த அதே பதத்தில் அவளும் விதைத்தாள்.

மறுநாள் ஜெனிஃபர் எனக்கு ஒன்று சொன்னாள். "இந்த நம்பரை நாம கூட்டப் போறோமா, கழிக்கப் போறோமா? இல்லல்ல? அப்ப இது எண்ணே இல்லம்மா. மூட்டையோட பேரு. பேரைப் பேரா எழுதணும்." டைப் அடிக்கும் முன்பே எண் ஏற்றுகிற நெடுக்கு வரிசை முழுவதையும் டெக்ஸ்ட், அதாவது எழுத்து, என்று மாற்றி வைத்தாள். அடித்த பிறகு மாற்றினால் போனது போனதுதான், அதைத்தான் பார்த்தோமே. ஆதார், ஆட்டுக் காதில் மாட்டுகிற நம்பர் கம்மல், மூட்டை எதுவானாலும் இந்தக் கேள்வியை முதலில் கேளுங்கள். கூட்டப் போகிறோமா?

என் பங்குக்கு நான் ஒன்றை மாற்றினேன். அவள் திருப்பி வாசிப்பதை நிறுத்திவிட்டு, என்டர் தட்டிய பிறகு திரையைப் பார்த்து நானே வாசிக்க ஆரம்பித்தேன். சீட்டையும் கிழிப்பதில்லை, கம்பியில் குத்தி வைத்தோம். என்டருக்கு முன்னால் திரையில் இருப்பது நம் கை அடித்தது. என்டருக்குப் பின்னால் இருப்பதுதான் அது எழுதிக்கொண்டது. இந்த ரெண்டும் ஒன்றுதான் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

ஐப்பசியில், கிடங்கில் கூட்டமாக இருந்த ஒரு நாள், செல்வி வந்தாள். ஒரு பை நிறையப் பச்சை மல்லாட்டையை மேஜைமேல் வைத்தாள். மண் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு இடுப்பில் இருந்து ஒரு அட்டையை எடுத்து என் முன்னால் போட்டாள். ஒரு மூலையை ஆடு மென்றிருந்தது.

"இத எழுதிக்கக்கா. அன்னிக்கு விட்டுப்போச்சில்ல."

திருப்பி அனுப்பிய கெட்ட மூட்டையின் எண். அதை ஏற்றுவதில் யாருக்கும் லாபமில்லை. ஜெனிஃபர் என்னைப் பார்த்தாள், நான் தலையாட்டினேன். உடம்பு அஞ்சு துண்டையும் வாசித்தேன், வாலையும் வாசித்தேன். அவள் அடித்தாள். என்டர் தட்டினாள். வரிசையில் பதினைந்து பேராவது நின்றிருப்பார்கள், எல்லாரும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து, திரைக்குக் கிட்டே குனிந்து, செல்விக்குக் கேட்கிற மாதிரி சத்தமாக வாசித்தேன். மூணு மூணு பூஜ்யம். ஏழு ஒண்ணு எட்டு. ரெண்டு பூஜ்யம் நாலு. பூஜ்யம் பூஜ்யம் அஞ்சு. பூஜ்யம் பூஜ்யம் ஒண்ணு.

வால் நாற்பத்தெட்டு. இருந்தது.